நிற்பதற்கு என்ன சத்தம்

கருப்புக் கோட்டுப் பொத்தானை அந்தக் கைகள் ஆறு மணிக் கட்டத்திலிருந்து ஆறரை மணிக் கட்டத்துக்கு நகர்த்தின. அடுத்து வெள்ளைச் சட்டைப் பொத்தான். அடுத்து நான்கு துளை வைத்த நீலம். பொத்தானை விட்ட பிறகும் ஆட்காட்டி விரல் அதன் மேலேயே சற்று நின்றது. விரலை எடுத்தால் அது இடம் மாறி ஓடிவிடும் என்று பயந்தது போல. சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த பெரிய தாளில் குறுக்கே மணிகள், நெடுக்கே அறைகள். பொத்தான்கள்தான் ஆட்கள். எல்லாரும் அவரவர் கட்டத்தில் உட்கார்ந்தாயிற்று. மிச்சம் சிவப்பு ஒன்று. அதை மருந்தறைக் கட்டத்தில் வைத்துவிட்டு வலது கை பேனாவை எடுத்தது. காகிதக் கட்டின் கடைசிப் பக்கத்தில் கடைசி வசனத்தை எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே இன்னொரு கோடும் போட்டது.

காலை எட்டு மணி. பதின்மூன்று வாரத் தொடர் நாடகத்தின் பதின்மூன்றாவது பகுதி முடிந்துவிட்டது. மாலை மூன்று மணிக்குள் அது வானொலி நிலையத்தில் இருக்க வேண்டும். மூன்றரைக்கு ஒத்திகை. மறுநாள் காலை ஒலிப்பதிவு, மறுநாள் மாலையே ஒலிபரப்பு. இடையில் மூச்சுவிட நேரமில்லை என்றாலும் இந்தக் கைகளுக்கு அது பழக்கம்தான்.

இருபத்திரண்டு வருஷம் சாக்பீஸ் பிடித்த கைகள் அவை. கணக்கு டீச்சர். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கணக்கல்ல, கால அட்டவணை. இருபத்தாறு வகுப்புகள், முப்பத்தெட்டு ஆசிரியர்கள், ஒரே ஓர் ஆய்வுக்கூடம். ஒருவரை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் போட்டுவிடக் கூடாது. ஒரு வகுப்பும் ஆளில்லாமல் கிடக்கக் கூடாது. முட்டிவலிக்காரரை மாடிக்கு அனுப்பக் கூடாது. பேசிக்கொள்ளாத இரண்டு பேருக்கு ஒரே ஓய்வு நேரம் தரக் கூடாது. வருஷா வருஷம் கோடை விடுமுறையில் முக்கால்வாசியை இதற்கே கொடுத்துப் பதினோரு வருஷம் போட்டார். ஒரு தப்பு வந்ததில்லை. பிள்ளைகள் அவருக்கு ‘டைம்டேபிள் டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

கொலைத் தொழிலுக்கு அவர் வந்ததும் அந்த வழியாகத்தான். பொதுத்தேர்வு மேற்பார்வை என்பது மூன்று மணி நேரத் தண்டனை. படிக்கக் கூடாது, பேசக் கூடாது, உட்காரக் கூடாது. பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கலாம். ஒரு வருஷம் முதல் நாள் தேர்வில் கடைசி வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. இந்த ஆள் இந்நேரம் எங்கே இருப்பான் என்று நடந்துகொண்டே யோசிக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் தேர்வு முடிந்து மணி அடித்தபோது அந்த ஆள் ஒரு கொலையைப் பண்ணி முடித்திருந்தான்.

கற்றுக்கொடுக்க யாருமில்லை. வாடகை நூலகத்திலிருந்து துப்பறியும் நாவல்களாக அள்ளிவந்து, ஒவ்வொன்றுக்கும் அட்டவணை போட்டுப் பார்த்தார். பாதி நாவல்களில் கொலைகாரன் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருந்தான். தன் கதையில் அப்படி நடக்கக் கூடாது என்பது ஒன்றே அவர் வைத்துக்கொண்ட இலக்கணம். மாத நாவல்கள் வரிசையாக வந்தன. ஆறாவது நாவலின் அட்டைப்படத்தைப் பெற்றோர் ஒருவர் கொண்டுவந்து நீட்ட, தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். “காலையில பிரேயர்ல நிக்கிறீங்க, மாசக் கடைசியில கழுத்தை அறுக்கிறீங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க டீச்சர்” என்றார். டீச்சர் இரண்டில் ஒன்றைப் பண்ணினார். வேலையை விட்டார். அப்போது வயது நாற்பத்தைந்து. “பள்ளிக்கூடத்துக்கு விடிவு காலம். கழுத்தறுப்பு இனிமே வீட்டோட” என்றார் கணவர்.

நாவல் முப்பத்தொன்று ஆயிற்று. நடுவில் ஆலைத் தொழிலாளர் மன்றத்துக்காக மேடை நாடகம் நான்கு. கடைசி நாடகத்தில் ஒரு காரியம் செய்தார். கொலைகாரன் ஒரு காட்சி முழுக்க வாயே திறக்காமல் கதவோரம் நின்றான். அவ்வளவுதான். கொட்டகையே நெளிந்தது. முன்வரிசையில் ஒரு பெண் தன் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டதை டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தார். வானொலிக்காரர்கள் அவரைத் தேடி வந்ததும் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான்.

ஐம்பத்தாறு வயதில் இது முதல் தொடர் நாடகம். எதை எழுதினாலும் கடைசிப் பகுதியைக் கணவருக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அவர் தையல்காரர், முன்னறைதான் கடை. பொத்தான்களும் அவர் பெட்டியிலிருந்து வந்தவைதான்.

“என்னங்க, படிக்கட்டுமா?”

“படி. கை பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கிட்டிருக்கு. காது சும்மாத்தான் இருக்கு.”

டீச்சர் வாசலுக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்து படித்தார். இருபது நிமிஷம் ஊசி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசிப் பக்கம் வந்தது. இன்ஸ்பெக்டர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசுகிறார்: “மறுநாள் காலை வீட்டை விற்றுக் கையெழுத்துப் போடப்போவதாக டாக்டர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அன்றைக்குக் கதவோரம் நின்று அதைக் கேட்டது நீதானே, கம்பவுண்டர்?”

ஊசி நின்றது.

“யாரு? கம்பவுண்டரா?”

“ஆமா.”

“அவன் எப்ப அங்க இருந்தான்?”

“மூணாவது வாரம். டாக்டர், வக்கீல், டாக்டரோட பையன், அத்தை. அஞ்சாவதா இவன், கதவோரம்.”

“இல்லியே.”

“என்ன இல்லியே? நின்னான்.”

“நான் ஒரு வாரம் விடாம கேட்டவன்மா. வக்கீல் இருமினான். பையன் நாற்காலியை இழுத்தான். அத்தை தண்ணி கொண்டாந்து, ஜக்கு நசுங்கின கதையைச் சொல்லி உசிரை எடுத்தா. கம்பவுண்டர்னு ஒரு பிராணி அங்க இல்லவே இல்ல.”

“நான் எழுதியிருக்கேன்.”

“எழுதினது உனக்குத் தெரியும். வானொலிப் பெட்டிக்குத் தெரியுமா?”

டீச்சர் எழுந்துபோய் மூன்றாம் பகுதியின் பிரதியை எடுத்துவந்தார். இருந்தது. அழகான கையெழுத்தில், அடைப்புக்குறிக்குள்: கம்பவுண்டர் கதவோரம் நிற்கிறார். அடுத்த வரியில் டாக்டர் பேச ஆரம்பித்துவிடுகிறார். கம்பவுண்டருக்கு அந்தக் காட்சியில் ஒரு ‘சரிங்க’ கூட இல்லை.

நாவலில் ‘அவன் கதவோரம் நின்றான்’ என்று அச்சில் வந்தால் அவன் நின்றவன்தான். மேடையில் ஆளே வந்து நிற்பான். காற்றில் வருகிற நாடகத்தில் பேசாதவன் பிறக்கவே இல்லை. அட்டவணையில் பொத்தானை வைத்துவிட்டால் ஆள் அங்கே இருக்கிறான் என்று பதினோரு வருஷம் பழகிய மனசு, அந்தப் பொத்தானுக்கு வாய் உண்டா என்று பார்க்கவில்லை.

அதைவிடக் கொடுமை அஞ்சலட்டைகள். கொலைகாரன் யார் என்று எழுதும்படி நிலையம் நேயர்களைக் கேட்டிருந்தது. இரண்டு பை நிறைய வந்தன. போன வாரம் தயாரிப்பாளர் டீச்சர் வீட்டுப் பக்கத்து மருந்துக்கடைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “டீச்சர், அறுநூத்திச் சொச்சம் கார்டு. ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட கம்பவுண்டர்னு எழுதல. அத்தனை பேரையும் ஏமாத்திட்டீங்க!” என்று கத்தினார். அந்த ஒரு வாரம் டீச்சரின் கால் தரையில் பாவவில்லை. கொலைகாரன் யார் என்பதை மட்டும் மறைத்துக் கணவரிடம் நான்கு தடவை சொன்னார். இப்போது அந்த ‘ஏமாத்திட்டீங்க’ திரும்பி வந்து முகத்தில் அறைந்தது. எப்படி எழுதுவார்கள்? அங்கே இல்லாதவனை யார் சந்தேகப்படுவார்கள்?

வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருஷம், ஆண்டுத் தேர்வில் நடத்தாத பாடத்திலிருந்து ஒரு கேள்வி அவர் கையால் விழுந்துவிட்டது. இரண்டாம் பெஞ்சுப் பெண் ஒருத்தி மற்றதையெல்லாம் முடித்துவிட்டு, பேனாவை மூடிவைத்துக்கொண்டு அந்த ஒரு கேள்வியையே பார்த்தபடி அரைமணி உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து, “டீச்சர், இது நான் லீவு போட்ட அன்னைக்கு நடத்தினீங்களா?” என்று கேட்டாள். தப்பு தன்னுடையது என்றே அவள் நினைத்திருந்தாள். அந்தப் பெண்ணின் முகம் இந்த முப்பது வருஷத்தில் மங்கவில்லை. நாளை மாலை அறுநூறு பேர் வானொலிப் பெட்டிக்கு முன்னால் அப்படி உட்காரப்போகிறார்கள். எந்த வாரம் கவனிக்காமல் விட்டோம் என்று.

“மாத்தி எழுதேன்” என்றார் கணவர். ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“யாரை மாத்துறது? பன்னிரண்டு வாரம் போயாச்சு. வாயிலிருந்து போனதைத் திரும்பி விழுங்க முடியுமா?”

“மணி எட்டே முக்கால். மூணுக்கு ஆறேகால் மணி நேரம் இருக்கு. கணக்கு டீச்சர் நீ, நான் சொல்றேன்.”

டீச்சர் தாளைச் சுருட்டினார். பொத்தான்களைக் கைக்குட்டையில் முடிந்தார். காலைச் சாப்பாடு மேசையிலேயே இருந்தது. பேருந்தில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

வானொலி நிலையத்தின் நாடகப் பிரிவுத் தயாரிப்பாளருக்கு முப்பத்தைந்து வயது. நடந்துகொண்டே பேசுவார், நின்றால் பேச்சு நின்றுவிடும். விஷயத்தைக் கேட்டதும் நின்றார். பிறகு மூன்றாம் பகுதியின் நாடாச் சுருளைக் கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுவந்தவர் ஒலி விளைவுக்காரர். கதவு, மழை, குதிரை, பாத்திரம், எது வேண்டுமானாலும் அவர் கையில் பிறக்கும். நிலையத்தில் அவருக்குப் பெயர் ‘சத்தம்’. பேசினால் பக்கத்திலிருப்பவருக்கே கேட்காது.

எதிரொலி வராமல் துளைப் பலகை அடித்த சின்ன அறையில் மூவரும் உட்கார்ந்து கேட்டார்கள். காட்சி தொடங்கியது. டாக்டர் பேசினார். வக்கீல் இருமினார். தையல்காரர் சொன்னது அத்தனையும் அப்படியே வந்தது. கதவோரம் வெறும் காற்று.

“நீங்க ஒரு சத்தமாவது போட்டிருக்கலாமே” என்று டீச்சர் கேட்டார். கேட்டபோதே அது அநியாயம் என்று தெரிந்தது.

சத்தம் தன் பிரதியைப் புரட்டினார். “நடந்தா செருப்புச் சத்தம் போடுவேன் டீச்சர். உட்கார்ந்தா நாற்காலி. அழுதா மூக்கு உறிஞ்சுறதுகூடப் போடுவேன். நிக்கிறார்னு எழுதியிருக்கீங்க. நிக்கிறதுக்கு என்ன சத்தம்?”

யாரும் சிரிக்கவில்லை.

“இதுக்குப் போய் இப்படி அலட்டிக்கிறீங்களே” என்று தயாரிப்பாளர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். “ஒரு வரி போதும் டீச்சர். கம்பவுண்டரே சொல்லிடட்டும், ‘ஆமாய்யா, கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு கேட்டேன்’னு. மூணாவது வாரம் யாருக்கு ஞாபகம் இருக்கு?”

“என் வீட்டுக்காரருக்கு இருக்கே.”

“அவர் உங்க வீட்டுக்காரர்.”

“கார்டு போட்ட அறுநூறு பேரும் யாரோ ஒருத்தருக்கு வீட்டுக்காரர்தான். பாடத்துல இல்லாததைக் கேள்வியில வைக்க மாட்டேன் தம்பி. வேணும்னா நாளைக்குப் பாட்டு போட்டு நிரப்பிக்குங்க.”

“பதின்மூணாவது வாரம் பாட்டு போட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“அப்ப எனக்குப் பன்னிரண்டு வாரப் பிரதியும் வேணும். நீங்க வெட்டினது, நடிக்கிறவங்க மாத்தினது எல்லாம் குறிச்சது. இந்தச் சுருளை இன்னொரு தடவை ஓட்டுங்க.”

டீச்சர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டார். இந்த முறை அறைகள் இல்லை. குறுக்கே நிமிஷங்கள், நெடுக்கே ஆட்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பது இனிமேல் பேச்சில்லை. யார் எப்போது காதில் விழுந்தார்கள் என்பது மட்டும். குரலோ சத்தமோ கேட்டால் பொத்தான், கேட்காவிட்டால் காலி. மணி பத்தே கால்.

நாடா இரண்டாம் முறை ஓடியது. டாக்டர் சொல்கிறார்: வீட்டை விற்கிறேன், பையனோடு போய் இருக்கப்போகிறேன், நாளைக் காலை கையெழுத்து. பிறகு, போகிற போக்கில்: “அக்காவுக்கு எங்கேயாவது ஓர் ஏற்பாடு பண்ணிக்கலாம்.” அக்கா என்பது அத்தைதான்; பையனுக்கு அத்தை, டாக்டருக்கு அக்கா. அந்த வீட்டுக்கு வந்து நாற்பது வருஷம். உடனே ஆரம்பிக்கிறது ஜக்கு நசுங்கின கதை. ஊரே ரசித்த கதை. தயாரிப்பாளர் இப்போதும் தன்னையறியாமல் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. எழுதியபோது அது சிரிப்புக்காக எழுதியதுதான். ஆனால் நாடாவில் அத்தையாக நடித்த மூத்த நடிகை அதை மூச்சு வாங்காமல் சொன்னார். சொல் மேல் சொல் ஏறி விழுந்தது. ஜக்கு எந்தப் படியில் உருண்டது, யார் மிதித்தார்கள், எந்தப் பக்கம் சொட்டை; யாரும் கேட்காததற்கெல்லாம் பதில். இருக்க இடமில்லை என்று இப்போதுதான் கேட்ட ஒருத்தி பேசுகிற பேச்சு அது.

“நாலாவது வாரத்தைப் போடுங்க” என்றார். குரல் அவருக்கே வேறு மாதிரி கேட்டது.

நான்காவது வாரம் கொலை. ஆறு மணிக்கும் ஆறரைக்கும் நடுவே, மாடியிலிருக்கும் டாக்டரின் மருந்தை யாரோ அளவுக்கு மேல் கலக்கிறார்கள். கீழே பையனும் வக்கீலும் சண்டை போடுகிறார்கள். கம்பவுண்டர் வந்து சாவி கேட்கிறார், பையனிடம் விடைபெறுகிறார், வாசல் கேட் கிறீச்சிடுகிறது. டீச்சர் ஒவ்வொரு குரலுக்கும் பொத்தான் வைத்துக்கொண்டே வந்தார். வக்கீல், பையன், வக்கீல், கம்பவுண்டர், சாவி, கேட், பையன். அத்தையின் வரிசையில் ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம், இரண்டு, ஐந்து. எட்டு நிமிஷம் முழுக்கக் காலி. பிறகு மாடியிலிருந்து அவளுடைய அலறல்.

பொத்தான் இல்லாத அந்த எட்டுக் கட்டங்களையும் டீச்சர் பார்த்தபடி இருந்தார். அத்தையை அந்தப் பொழுதில் பின்னறையில் தூங்கவைத்தது அவரேதான். காரணம் வேறொன்றுமில்லை: அத்தை விழித்திருந்தால் வேறு யாருக்கும் வசனம் கிடைக்காது. ஆனால் அவள் தூங்கினாள் என்று சொன்னது யார்? ஐந்தாவது வாரம் இன்ஸ்பெக்டரிடம் அவளே சொல்கிறாள். வேறு யாரும் பார்க்கவில்லை. தம்பிக்குத் தினமும் மருந்து அளந்து கொடுப்பது அவள்தான் என்று முதல் வாரமே வந்தாயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் எட்டு நிமிஷம் வாயை மூடிக் கெட்டாள்.

“அத்தையா!” என்று தயாரிப்பாளர் நின்றுவிட்டார். “டீச்சர், வேண்டாம். ஊர் சண்டைக்கு வரும். அந்தம்மாவை மார்க்கெட்டுல எல்லாரும் அத்தைன்னுதான் கூப்பிடுறாங்க. போன மாசம் ஒரு குடும்பம் சொத்துத் தகராறுக்குப் பஞ்சாயத்து பேசக் கூப்பிட்டிருக்கு. கொலைகாரின்னா அவங்க நடிக்க வருவாங்களா? நாளைக்குக் காலையில வரலைன்னா வேற குரலை எங்க போய்த் தேடுவேன்?”

அந்தப் பயம் டீச்சருக்கும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொரு பயம். மற்ற பத்து வாரங்களில் எங்காவது ஒரு வரி இதை உடைக்கிறதா? பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினொன்றரை. பன்னிரண்டு. ஒன்பதாவது வாரத்தில் விரல் நின்றது. தம்பியின் காலி நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து அத்தை தனியாக அழுகிறாள்: “எந்தப் பாவிடா உன்னை இப்படிப் பண்ணினான்?”

எல்லாம் போயிற்று என்று தோன்றியது. ஊருக்கு முன்னால் கொலைகாரி பொய் சொல்லலாம். தனியாக இருக்கும்போது தனக்குத் தானே பொய் சொல்ல மாட்டாள். சொல்லவைத்தால் அது எழுதுகிறவர் செய்கிற மோசடி. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தண்ணீர் டம்ளரைத் தூக்கினார். குடிக்காமல் வைத்துவிட்டார்.

“தனியா இல்லையே டீச்சர்” என்று சத்தம் மெல்லச் சொன்னார்.

“என்ன சொன்னீங்க?”

“ஒன்பதாவது வாரம். அந்த அழுகை முழுக்க நான் துடைப்பத்தோட மல்லுக்கட்டினேனே. வேலைக்காரப் பொண்ணு கூடம் பெருக்குதுன்னு முந்தின பக்கத்துல நீங்கதான் எழுதியிருந்தீங்க. மைக் பக்கத்துல தூசி வேற. எனக்கு நாலு நாள் தும்மல்.”

சுருளை ஓட்டினார்கள். அழுகைக்கு அடியில் துடைப்பம் சர்சர் என்று கேட்டது. அத்தை ‘பாவிடா’ என்று குரலை உயர்த்தியபோது துடைப்பம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. அங்கே ஒருத்தி இருந்தாள். அவள் வாய் பேசாவிட்டாலும் கை பேசியது. அந்த அழுகை அவள் காதுக்காகவே அழுத அழுகை. டீச்சர் வேலைக்காரப் பெண்ணுக்கான நீலப் பொத்தானை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்தார். வைத்துவிட்டு, “அந்தத் துடைப்பத்தை எங்க வச்சிருக்கீங்க? கும்பிடணும்” என்றார்.

“நாளைக்கும் வேணுமா?”

“வேணும்.”

எழுத உட்காருமுன் அஞ்சலட்டைப் பைகளைக் கேட்டார். அத்தை என்று எழுதிய அட்டைகள் மொத்தம் பதினொன்று. பத்து வெறும் கிண்டல். ‘பேசிப் பேசியே கொன்றிருப்பாள்’ என்கிற ரகம். பதினொன்றாவது பென்சிலில், குனிந்த சிறிய எழுத்தில் இருந்தது: ‘வாய் ஓயாத அத்தை, டாக்டர் செத்த சமயத்தில் மட்டும் பேசவே இல்லையே. ஏன்?’ பெயர் இல்லை. டீச்சருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அட்டையை இன்னொரு தடவை படித்தார். கணக்குப் போட்ட டீச்சருக்கே தெரியாத விடையை யாரோ ஒரு பிள்ளை சரியாகப் போட்டுவைத்திருக்கிறது. கை தானாகப் பேனாவை எடுத்து, அட்டையின் மூலையில் சின்னதாக ஒரு சரி போட்டது.

மணி பன்னிரண்டு ஐம்பது. பழைய பிரதியில் முதல் ஐந்து பக்கம் அப்படியே நின்றது. கடைசிப் பக்கங்கள் முழுக்கப் போயின. கூடத்தில் எல்லாரையும் உட்காரவைக்கிற காட்சியை டீச்சர் அடித்தார். இன்ஸ்பெக்டர் அத்தையிடம் ஜக்கு நசுங்கின கதையை மறுபடி சொல்லச் சொல்கிறார். அவள் சொல்ல ஆரம்பிக்கிறாள். நடுவில் அவர் நிறுத்தி, அந்த எட்டு நிமிஷத்தைப் பற்றிக் கேட்கிறார். அதற்கு மேல் அத்தை பேசுவதுதான் நாலரைப் பக்கம். ஒவ்வொரு வரி எழுதியதும் தாளைத் திருப்பிப் பார்த்து, இது எந்த வாரம் காதில் விழுந்தது என்று ஓரத்தில் எண் போட்டார். எண் போட முடியாத வரி அடிபட்டது. ஒரு நல்ல வரி, அழகான வரி, அப்படி அடிபட்டபோது தயாரிப்பாளர் தோளுக்குப் பின்னாலிருந்து முனகினார். “அது இருக்கட்டுமே டீச்சர்.”

“நடத்தாத பாடம்.”

தயாரிப்பாளர் வாங்கிவைத்த தேநீரில் ஆடை படிந்தது. இரண்டு மணி. இரண்டரை. மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அடியில் கோடு போட்டார்.

வாசலில் ஆள் தெரியும் முன்பே குரல் வந்தது. மூத்த நடிகை அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார்.

“டீச்சரும் இருக்கீங்களா! நல்லதாப் போச்சு. கேளுங்க கூத்தை. மார்க்கெட்டுல ஒருத்தி என் பையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறா. ‘அத்தை, தம்பியைக் கொன்ன பாவி யாருன்னு என் காதுல மட்டும் சொல்லிடுங்க’ங்கிறா. எனக்கே தெரியாதுடின்னா நம்பணுமே! கண்ணுல தண்ணி வேற. அவன் மட்டும் கையில கிடைச்சான்னா... சரி, இந்த வாரம் எனக்கு எவ்வளவு? போன வாரம் ஒண்ணேகால் பக்கம்தான் போட்டீங்க, நான் ஒண்ணும் சொல்லல.”

“நாலரைப் பக்கம் அக்கா.”

“நாலரையா! யாரைத் திட்டப்போறேன்?”

தயாரிப்பாளர் சன்னலுக்கு வெளியே எதையோ உன்னிப்பாகப் பார்த்தார். சத்தம் நாடாவைச் சுற்றுவதை நிறுத்தினார். படித்துப் பாருங்கள் என்று கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்று டீச்சருக்கு ஒரு கணம் தோன்றியது. அது சரியில்லை.

“அக்கா, நீங்கதான்.”

“நான்தான் என்ன?”

“மருந்துல கலந்தது.”

நடிகை பையை மெல்ல மேசை மேல் இறக்கினார். “நானா? என் தம்பியையா? இந்தக் கையாலயா?” என்று தன் கையையே பார்த்தார். “டீச்சர், நாளன்னைக்கு நான் காய்கறி வாங்கப் போகணும். அந்தப் பொண்ணு என் முகத்துல முழிப்பாளா?”

“தெரியலைக்கா. பயமாத்தான் இருக்கு எனக்கும்.”

“யாருக்காவது சின்ன சந்தேகமாவது இருந்திருக்குமா? திடுதிப்புன்னு தலையில கட்டுறீங்களே.”

“மூணாவது வாரம் ஜக்குக் கதையை நான் நிதானமா எழுதியிருந்தேன். நீங்க ஏன் அவ்வளவு வேகமாச் சொன்னீங்க?”

“பின்ன? அக்காவுக்கு எங்கயாவது ஏற்பாடு பண்ணிக்கலாம்னு அப்பத்தானே சொல்றான். நாற்பது வருஷம் அந்த வீட்டு அடுப்புல வெந்தவ. கால் நடுங்குது, உட்கார்ந்தா தெரிஞ்சுபோகும், அப்ப என்ன பண்ணுவா? வாய்தான் ஓடும்.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று டீச்சரை ஏறிட்டார். மூக்குக்கண்ணாடியைப் பையில் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

“கொடுங்க இப்படி. முதல்ல நான் எப்படி அகப்படுறேன்னு பார்க்கணும். அதுல ஒரு பொய் இருந்தாலும் நாளைக்கு நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்.”

டீச்சர் பக்க எண்களை இன்னொரு தடவை சரிபார்த்தார். ஓரங்களை மேசையில் தட்டிச் சமமாக்கினார். பிறகு இரண்டு கைகளாலும் நீட்டினார்.